சொல்லாத விண்ணப்பம்

அமெரிக்காவில், தெற்கு ஜார்ஜியாவின் பாப்டிஸ்ட் சபைகளில் ஒரு வழக்கம் உண்டு. ஜெபக்கூட்டத்தில் ஆளாளுக்குக் கையைத் தூக்கி, மாமியாரின் முட்டிவலி, அண்ணன் மகனின் வேலை என்று விண்ணப்பம் வைப்பார்கள். விஷயத்தை வெளியே சொல்ல முடியாதவர்கள் கையைத் தூக்கி, "சொல்லாதது" என்று ஒரே வார்த்தையோடு நிறுத்திக்கொள்வார்கள். அதற்கு மேல் யாரும் என்ன ஏது என்று கேட்கக் கூடாது. கேட்டால் அநாகரிகம். போதகர் தலையைக் குனிந்து, "சொல்லாததையும் நீர் அறிவீர், கர்த்தாவே" என்பார். கர்த்தருக்குத் தெரிந்தால் போதும், பக்கத்து வீட்டுக்காரிக்கு எதற்கு என்பது இதன் நியாயம். பக்கத்து வீட்டுக்காரிக்கு அன்று தூக்கம் வராது என்பது வேறு விஷயம்.

ஓக்மல்கி மாநிலப் பல்கலைக்கழகத்தின் கால்பந்து அணிக்காக வியாழக்கிழமைதோறும் நடந்த ஜெபக்கூட்டத்திலும் இதே வழக்கம்தான். பெயர்தான் கால்பந்து. அமெரிக்காவில் அந்த ஆட்டத்தில் பந்தின்மேல் கால் படுவது எப்போதோ ஒருமுறை. மற்ற நேரமெல்லாம் ஹெல்மெட்டும் தோளுமாக ஒருவர்மேல் ஒருவர் போய் மோதுவதுதான் வேலை. சனிக்கிழமை மோதப்போகும் பையன்கள் வியாழக்கிழமை பொரித்த கோழியும் மக்ரோனியும் சாப்பிட்டு, இனிப்புத் தேநீர் குடித்துவிட்டு, கூட்ட அறையில் வட்டமாக நிற்பார்கள். ஆடுகிறவர்களில் பாதிப் பேருக்காவது சொல்லாதது ஒன்று இருக்கும். குடி, காதலி, சிறையில் இருக்கும் அப்பா. வெண்டல் டில்லரி அத்தனைக்கும் சேர்த்து ஒரே ஜெபமாகப் பண்ணிவிடுவார்.

வெண்டல் அந்த அணியின் போதகர். பையன்கள் 'பிரதர்' என்று கூப்பிடுவார்கள். அரசாங்கப் பல்கலைக்கழகம் அவருக்குச் சம்பளம் தருவதில்லை. ஊர்ப் பெரிய மனிதர்கள் சிலர் சேர்ந்து ஓர் ஊழியத்தின் பெயரில் படியளந்தார்கள். ஆனால் அணியின் சட்டை, அணியின் பேருந்தில் இருக்கை, ஆட்டத்தன்று எல்லைக்கோட்டோரம் நிற்க அனுமதி எல்லாம் உண்டு. அந்த ஊரில் எல்லைக்கோட்டோரம் நிற்பவனுக்கு மேயரைவிட மரியாதை அதிகம். வெண்டலுக்கும் அது பிடித்துத்தான் இருந்தது, இல்லையென்று அவரே சொல்லமாட்டார்.

வசந்த காலத்தில் வேதியியல் பேராசிரியர் ஆல்டன் க்ரீல் இதைப் பற்றிப் புகார் கொடுத்தார். எல்லாருடைய வரிப்பணத்திலும் நடக்கிற பல்கலைக்கழகம் ஒரு மதத்தின் போதகரை மட்டும் அணியோடு எப்படி ஒட்டவைத்துக்கொள்ளலாம், அணியில் இருக்கிற முஸ்லிம் பையன் எங்கே போவான், எதையும் நம்பாத பையன் எங்கே போவான் என்று கேட்டார். நியாயமான கேள்வி. அந்த ஊரில் நியாயமான கேள்வி கேட்டவருக்கு மளிகைக்கடையில்கூட முகம் கொடுத்துப் பேச ஆள் இல்லாமல் போய்விட்டது.

பல்கலைக்கழகத்தின் வக்கீல் மிஸ் ஃபென்விக் உடனே சில ஏற்பாடுகள் செய்தாள். வெண்டல் இனி 'போதகர்' இல்லை, 'கேரக்டர் கோச்'. சம்பளமில்லாத ஸ்டாஃப். ஜெபக்கூட்டத்துக்கு விருப்பமுள்ளவர்கள் மட்டும் வரலாம். தலையில் கை வைப்பது, கைகோத்து நிற்பது, தொடுவது எதுவும் கூடாது. விருப்பமுள்ளவர்கள் மட்டும் என்று ஆனபிறகும் யாரும் வராமல் இருக்கவில்லை. தலைமைப் பயிற்சியாளர் பிகர்ஸ் வியாழக்கிழமைகளில் சாப்பாட்டுத் தட்டோடு வாசலிலேயே நின்று யார் யார் வருகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான்.

"இன்னொண்ணு" என்று மிஸ் ஃபென்விக் அன்று சொன்னாள். "நீங்க போதகரா இருந்தா, பசங்க சொல்ற ரகசியம் உங்களோடது. ஸ்டாஃபா இருந்தா அது எங்களோடது. அடிபட்டதப் பத்தி எவனாவது சொன்னா நீங்க சிகிச்சை ரூம் மார்லா கிட்ட சொல்லியாகணும். புரியுதா?"

"புரியுதுங்க மேடம்" என்று வெண்டல் தலையாட்டினார். எல்லைக்கோட்டோரம் நிற்கிற அனுமதி போகாது என்பது மட்டும்தான் அப்போது அவருக்குப் புரிந்தது.

இதில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். வெண்டல் உள்ளுக்குள் மரத்துப்போய் வெகுகாலம் ஆகியிருந்தது. பெரிய துக்கம் ஒன்றும் காரணமில்லை. வருஷக்கணக்காக ஒரே ஜெபத்தைச் சொல்லிச் சொல்லி, நாக்கு தானே வேலையைப் பார்த்துக்கொண்டது. நாக்கு கர்த்தரிடம் பேசிக்கொண்டிருக்கும்போது வெண்டல், வண்டிக்கு எண்ணெய் மாற்ற வேண்டுமே என்று யோசித்துக்கொண்டிருப்பார். அதற்காக அவர் வருத்தப்பட்டதுகூட ஆரம்பத்தில்தான்.

அக்டோபர் மாதத்து அந்த வியாழக்கிழமையும் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தது. விண்ணப்பங்கள் வந்தன. டேவியன் மிம்ஸ் கையைத் தூக்கினான். இடது கை.

"சொல்லாதது, பிரதர்."

டேவியன் தடுப்பாட்டத்தின் நடுவில் நிற்பவன். பந்தோடு ஓடி வருகிறவனை எதிர்கொண்டு மோதிச் சாய்ப்பது அவன் பொறுப்பு. அந்த வேலையில் அவனைப் போல இன்னொருத்தன் அந்தப் பக்கத்திலேயே இல்லை என்று பேசிக்கொண்டார்கள். சனிக்கிழமை ஆட்டத்தைப் பார்க்கத் தொழில்முறை அணிகளிலிருந்து ஆட்கள் வருவதாக இருந்தது. முக்கியமாக அவனைப் பார்க்கத்தான். வாராவாரம் அவன் "சொல்லாதது" என்று சொல்லிவந்தான். வாராவாரம் நாக்கு அதையும் சேர்த்துக்கொண்டது.

வக்கீல் சொன்னதையெல்லாம் வெண்டல் கடைப்பிடித்தார், கைகோப்பதைத் தவிர. அந்த வட்டத்தை அவரால் விட முடியவில்லை, பையன்களும் விடவில்லை. கடைசியில் எல்லாரும் கைகோத்துக் கர்த்தர் கற்பித்த ஜெபத்தைச் சொல்வார்கள். 'ஆமென்' என்னும்போது பக்கத்தில் இருப்பவன் கையை ஒரு அழுத்து அழுத்த வேண்டும். சிறுவயதிலிருந்து ஞாயிறுப் பள்ளியில் வந்த பழக்கம். பையன்களுக்கு அதில் ஒரு விளையாட்டு; யார் எலும்பு நொறுங்க அழுத்துகிறான் என்று பார்ப்பார்கள். அன்று வெண்டலின் இடப்பக்கம் டேவியன் நின்றிருந்தான். அவன் வலது கை வெண்டலின் கையில் இருந்தது.

"ஆமென்" என்றார்கள். வெண்டல் அழுத்தினார். பதிலுக்கு ஒன்றும் வரவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தினார். அந்தக் கை பிசைந்து வைத்த மாவு மாதிரிக் கிடந்தது. என்னவோ ஒரு வேகத்தில் அவன் உள்ளங்கையில் நகத்தை வைத்து ஊன்றினார். டேவியன் எதிர்ப்பக்கம் யாரையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். அவனுக்குத் தெரியவே இல்லை.

பையன்கள் கலைந்தபிறகு, துணி துவைக்கும் இயந்திரங்கள் ஓடுகிற அறைக்கு வெளியே வெண்டல் அவனைப் பிடித்தார்.

"தம்பி, கைக்கு என்ன ஆச்சு?"

"எந்தக் கை?"

"நான் பிடிச்ச கை."

"நல்லாத்தான் இருக்கு பிரதர்."

"அதுல நகத்த வெச்சு ஊனினேன்டா. பாரு, தடம் இருக்கு."

டேவியன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தான். வேறு யாருடைய கையையோ பார்ப்பது போலப் பார்த்தான்.

"நீங்க கேக்கக் கூடாது பிரதர்" என்றான். "அதான் சொல்லாததுன்னு சொன்னேன்ல."

"கேட்டுட்டேனே. இப்ப என்ன பண்ணலாம்?"

இயந்திரம் ஒன்று சுற்றி முடித்து நின்றது. டேவியன் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தான்.

"செப்டம்பர்ல ஒருத்தன் மேல தலைய முட்டிட்டேன். கழுத்துலேருந்து வெரல் வரைக்கும் கரண்ட் அடிச்ச மாதிரி இருந்துச்சு. எல்லாருக்கும் வர்றதுதான் அது. அஞ்சு நிமிஷத்துல போயிடும். எனக்கும் போச்சு. அப்புறம் வந்துச்சு, போச்சு. இப்ப போக மாட்டேங்குது. வலியெல்லாம் இல்ல. கை இருக்கறதே தெரியல, அவ்ளோதான்."

"மார்லா கிட்ட சொன்னியா?"

"சொன்னா ஒக்கார வெச்சிருவாங்க. சனிக்கிழமை ஒரு நாள், பிரதர். அந்த ஒரு நாள் ஆடிட்டா, எங்கம்மா கோழி ஃபேக்டரிக்குப் போறத நிறுத்திரலாம். அதுக்கப்புறம் ஊசியோ ஆபரேஷனோ என்ன வேணா பண்ணிக்கட்டும்." அவர் முகத்தைப் பார்த்தான். "நீங்க பாஸ்டர். உங்ககிட்ட சொன்னது எங்கயும் போகாதுல்ல?"

வெண்டல் போகாது என்று சொல்லவில்லை. போகும் என்றும் சொல்லவில்லை. என்ன சொல்வதென்று தெரியாத இடத்தில் எப்போதும் சொல்வதைச் சொன்னார்.

"ஜெபம் பண்ணுவோம், வா."

பண்ணினார். நாக்கு நன்றாகவே பண்ணியது. முடிவில் இரண்டு பேரும் ஆமென் சொன்னார்கள். டேவியனின் தோள் இறங்கி, அவன் மூச்சு விட்டதைப் பார்த்தபோதுதான் வெண்டலுக்கு உறைத்தது, பையன் அதைச் சத்தியமாக எடுத்துக்கொண்டுவிட்டான் என்று. அந்த ஊரில் சேர்ந்து ஜெபித்துவிட்டால் கைநாட்டு வைத்த மாதிரி. அது வெண்டலுக்கும் தெரியும். தெரிந்தும் அவனைத் திரும்பக் கூப்பிடவில்லை.

மறுநாள் காலை அவர் பிகர்ஸிடம் போனார். மார்லாவிடம் போகாமல் பயிற்சியாளரிடம் ஏன் போனார் என்றால், தன் கையிலிருப்பதை வேறு யாராவது வாங்கிக்கொள்ளட்டும் என்றுதான். பிகர்ஸ் மேசைமேல் காகிதப் பையில் அவித்த வேர்க்கடலையை வைத்து உரித்துக்கொண்டிருந்தார். நல்ல மனிதர் என்று பெயர் எடுத்தவர். ஞாயிற்றுக்கிழமை சபையில் காணிக்கைத் தட்டு எடுப்பவர். வெண்டல் சொல்லி முடிக்கும்வரை உரிப்பதை நிறுத்தவில்லை.

"இத அவன் உங்கிட்ட ஜெபத்துல சொன்னானா, வெளிய சொன்னானா?"

"ஜெபம் முடிஞ்சு, வராந்தாவுல."

"அப்புறம் திரும்ப ஜெபம் பண்ணீங்களா?"

"பண்ணோம்."

"அப்ப அதுவும் ஜெபத்தோட சேந்ததுதான். அது அவனுக்கும் உனக்கும் கர்த்தருக்கும் நடுவுல. என் காதுல விழல."

"விழுந்துச்சே கோச். இப்பதான சொன்னேன்."

பிகர்ஸ் ஒரு கடலையை வாயில் போட்டுக்கொண்டார். வெண்டலைப் பார்க்கவில்லை, ஜன்னலுக்கு வெளியே மைதானத்தைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"க்ரீல் குடுத்த புகார் மேல திங்கக்கிழமை கமிட்டி கூடுது. நீ இருக்கணுமா வேணாமான்னு ஓட்டுப் போடப்போறாங்க. அங்க உனக்காக மல்லுக்கட்டப் போறவன் யாரு? நான். எதுக்குன்னு நெனைக்கிற? பசங்களுக்கு மனசுல இருக்கறதக் கொட்ட ஒரு எடம் வேணும், வெண்டல். கொட்டினது கொட்டின எடத்துலயே கெடக்கணும். அதுக்குத்தான் நீ."

"பையனோட கழுத்து, கோச்."

"உனக்கு என்ன டாக்டர் பட்டமா இருக்கு? எடுத்துக்கோ, கடலை சூடா இருக்கு."

வெண்டல் இரண்டு கடலை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. இத்தனை வருஷமாக நாம் இங்கே எதற்கு இருக்கிறோம் என்று ஒருவர் கடைசியில் தெளிவாகச் சொல்லிவிட்டார் என்று மட்டும் தோன்றியது. பல்கலைக்கழக அணிக்குப் போதகர் எதற்கு என்று கேட்ட பேராசிரியருக்குக்கூட இவ்வளவு சுத்தமான பதில் கிடைத்திருக்காது.

சிகிச்சை அறை கட்டடத்தின் மறுகோடியில் இருந்தது. பனிக்கட்டியும் தைலமும் மணக்கிற அந்த அறைக்கு வெண்டல் அதிகம் போவதில்லை. அதை நடத்துகிற மார்லா ஹட்டோ வடக்கே ஒஹாயோவில் வளர்ந்தவள். எந்தச் சபைக்கும் போகாதவள். அடிபட்டவன் பக்கத்தில் வெண்டல் ஜெபிக்க முழங்காலிட்டுவிடுவதால் தன் வேலை கெடுகிறது என்று எல்லார் முன்னாலும் சொல்கிறவள். ஒருவனின் கணுக்காலுக்குப் பட்டை சுற்றிக்கொண்டிருந்தவள், வெண்டலின் முகத்தைப் பார்த்துவிட்டு அவனை வெளியே அனுப்பினாள்.

"சொல்லுங்க மிஸ்டர் டில்லரி."

சொன்னார். டேவியனின் வலது கையில் உணர்ச்சி இல்லை. கழுத்திலிருந்து வருகிறது. சுருக்கமாகச் சொல்லிவிட்டார்.

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"நேத்து."

"அவனுக்கு எப்பலேருந்து?"

"செப்டம்பர்லேருந்துன்னான். அப்பலேருந்துதான் கை தூக்கறான். சொல்லாததுன்னு."

"அப்படின்னா?"

வழக்கத்தை விளக்கினார். விளக்க விளக்க அது அவருக்கே வேற்றூர் வழக்கம் மாதிரிக் கேட்டது. மார்லா கையிலிருந்த பட்டையை மேசைமேல் வைத்தாள்.

"இருங்க. ஒருத்தன் வாரா வாரம் கையத் தூக்கி, எனக்கு ஒண்ணு இருக்குங்கறான். ரூம் நெறையப் பேரு தலையக் குனிஞ்சுக்கறீங்க. ஒருத்தர்கூட என்னன்னு கேக்கல?"

"கேக்கக் கூடாதுங்க."

"ஏன்?"

"மரியாத."

மார்லா தொலைபேசியை எடுத்துக்கொண்டே, "நான் கேட்டேன்" என்றாள். "ஒவ்வொரு ஆட்டம் முடிஞ்சதும் கேட்டேன். வலிக்குதா, வலிக்குதான்னு. இல்ல மேடம், இல்ல மேடம்னான். பொய் சொல்லல பாருங்க. மரத்துப் போனது எங்க வலிக்கும்? நான் கேள்வியத் தப்பாக் கேட்டிருக்கேன்."

அவள் குரல் உடைந்தது. வெண்டல் தன் குரலும் உடையுமா என்று காத்துப் பார்த்தார். பிறகு கையிலிருந்த இரண்டு கடலையை என்ன செய்வதென்று தெரியாமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

அன்று மத்தியானமே டேவியனைப் படம் எடுத்துப் பார்த்தார்கள். கழுத்தெலும்புக்குள் நரம்பு போகிற வழி அவனுக்குப் பிறவியிலேயே குறுகல். அதில் எலும்புகளுக்கு இடையிலிருக்கும் வட்டு ஒன்று பிதுங்கி அழுத்திக்கொண்டிருந்தது. இன்னும் ஒருமுறை தலையால் மோதியிருந்தால் கழுத்துக்குக் கீழே எதையும் அசைக்க முடியாமல் போயிருக்கலாம் என்றார் மருத்துவர். சனிக்கிழமை ஆட முடியாது என்றார். பிறகு, இனி எந்தச் சனிக்கிழமையும் ஆட முடியாது என்றார்.

மருத்துவர் பேசும்போது டேவியன் கண்ணாடிக் கதவு வழியாக வெளியே நின்ற வெண்டலைப் பார்த்தான். முறைக்கவில்லை. இவர் யார் என்று நினைவுக்குக் கொண்டுவரப் பார்ப்பவன் மாதிரி இருந்தது அந்தப் பார்வை.

சனிக்கிழமை ஆட்டத்துக்கு முன் வெண்டல் வழக்கம்போல உடை மாற்றும் அறையில் ஜெபம் பண்ணினார். பையன்கள் முழங்காலிட்டார்கள். பிகர்ஸ் முதல் ஆளாக ஆமென் சொன்னார். அணி ஜெயித்தது. ஆட்டம் முடிந்து வெண்டல் நடந்துபோனபோது, கும்பலாகச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்த பையன்கள் அவர் கடந்துபோகும்வரை வாயை மூடிக்கொண்டு, கடந்ததும் மறுபடி பேச ஆரம்பித்தார்கள். யாரும் மரியாதைக் குறைவாக நடக்கவில்லை. "குட் ஈவினிங் பிரதர்" என்று ஒவ்வொருத்தனும் சொன்னான்.

திங்கட்கிழமை கமிட்டி கூடியது. நீளமான மேசை, தண்ணீர் பாட்டில்கள், ஜன்னலோரம் குளிர்ப்பதனத்தின் இரைச்சல். பிகர்ஸ் எழுந்து நின்று பேசினார். ஒரு மாணவனின் உயிரை இந்த மனிதர் காப்பாற்றியிருக்கிறார், இப்படி ஒருவர் இந்த அணிக்கு வேண்டுமா வேண்டாமா என்று ஒரு கேள்வியா என்றார். பேசும்போது கண்கூடக் கலங்கியது. அந்தக் கலக்கம் பொய் என்று வெண்டலுக்குத் தோன்றவில்லை, அதுதான் விசித்திரம். வெள்ளிக்கிழமை காலை நடந்ததை அப்போது சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. வேண்டாம் என்று தீர்மானித்ததால் அல்ல, எதுவுமே தோன்றாததால்.

மிஸ் ஃபென்விக் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "டேவியன் சொன்னத மார்லா கிட்டப் போய்ச் சொன்னீங்களே. அப்ப நீங்க போதகராச் சொன்னீங்களா, ஸ்டாஃபாச் சொன்னீங்களா?"

அறையில் எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். எந்தப் பதில் வேண்டும் என்பது மிஸ் ஃபென்விக்கின் முகத்திலேயே இருந்தது.

"ஸ்டாஃபா" என்றார் வெண்டல்.

அவள் பேனாவை மூடினாள்.

கமிட்டியில் தானும் ஓர் உறுப்பினரான பேராசிரியர் க்ரீல் கடைசியாகப் பேசினார். "என்ன சொல்றதுன்னு எனக்கே தெரியல. கையத் தொடக் கூடாதுன்னு வந்ததே என் புகாராலதான். அத நீங்க மீறலைன்னா அந்தப் பையன் சனிக்கிழமை களத்துல எறங்கியிருப்பான். இதச் சொல்ல எனக்கு வெக்கமா இல்ல." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஆனா மிஸ்டர் டில்லரி, மார்லாவுக்குத் தெரியவேண்டியது மார்லாவுக்கு நேரா ஏன் தெரியல? நடுவுல நீங்க எதுக்கு இருந்தீங்க? அதுக்குப் பதில் கெடைக்கற வரைக்கும் என் ஓட்டு எதிராத்தான்."

அவர் ஓட்டு ஒன்றுதான் எதிராக விழுந்தது. வெண்டல் இருக்கலாம் என்று முடிவானது. எல்லாரும் கைகுலுக்கினார்கள். வெண்டல் ஒவ்வொரு கையாகக் குலுக்கினார். யாருடைய கை சூடு, யாருடைய கை சில்லிப்பு என்றுகூட அவருக்குப் பிரித்துத் தெரியவில்லை.

அங்கிருந்து நேராக மாணவர் விடுதிக்குப் போனார். வாசலில் டேவியனின் அம்மா ஷெரீஸ் காரில் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். கழுத்துப் பட்டையோடு டேவியன் முன் இருக்கையில் உட்கார்ந்திருந்தான். அறுவைச் சிகிச்சைக்கு முன் சில வாரம் வீட்டில் இருக்கப்போகிறான். அதற்குப் பிறகு திரும்பி வருவானா என்பதை யாரும் பேசவில்லை.

"பிரதர் வெண்டல்!" ஷெரீஸ் ஓடிவந்து அவரைக் கட்டிக்கொண்டாள். "எம் புள்ளைய எனக்கு முழுசாத் திருப்பிக் குடுத்திருக்கீங்க. ஃபேக்டரியில எல்லார் கிட்டயும் சொல்லிட்டேன். உங்களுக்காக எங்க சபையே ஜெபம் பண்ணுது."

"நன்றிங்க மிஸ் ஷெரீஸ்."

"அவனும் உங்களுக்கு நன்றி சொல்லணும். டேய் டேவியன், பிரதர் கிட்டப் பேசு. மேல இன்னும் ஒரு பெட்டி இருக்கு, எடுத்துட்டு வந்துடறேன்."

அவள் உள்ளே போனதும் வெண்டல் கார் ஜன்னலருகே குனிந்தார்.

"எம் மேல கோவமா தம்பி?"

"இல்ல பிரதர்."

"இருந்தாத் திட்டிரு. வாங்கிக்கறேன்."

"திட்ட ஒண்ணும் வரல. அந்தப் படத்தக் காமிச்சாங்க. நீங்க செஞ்சது சரிதான்னு எனக்கே தெரியுது." டேவியன் இடது கையால் வலது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். "ஆனா ஒண்ணு. வியாழக்கிழமை வட்டத்துல இன்னொருத்தன் இருக்கான் பிரதர். எங்க நிப்பான்னு சொல்லமாட்டேன், கண்டுபிடிச்சிருவீங்க. அவனுக்கு ஒண்ணு இருக்கு. எனக்குத் தெரியும். என் கை கழுத்தெல்லாம் அதுக்கு முன்னாடி ஒண்ணுமே இல்ல."

வெண்டல் இன்னும் கொஞ்சம் குனிந்தார்.

"உங்ககிட்டப் போய்ப் பேசுடான்னு நான்தான் அவன நச்சரிச்சிட்டே இருந்தேன். பிரதர் கிட்ட சொல்லு, அவரு யார் கிட்டயும் போய்ச் சொல்லமாட்டாருன்னு. ரொம்ப யோசிச்சு, சரி, ஆட்டம் முடிஞ்சதும் சொல்றேன்னான். வெள்ளிக்கிழம சாயங்காலம் விஷயம் எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சுல்ல? எனக்கு ஒரு மெசேஜ் அனுப்பினான். ஒரே ஒரு வார்த்த."

"என்ன?"

"நல்லவேள."

வெண்டல் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, அவன் தன்னை ஏதாவது பண்ணிக்குவானா?"

"தெரியல பிரதர்."

"யாருடா அது? பேர மட்டும் சொல்லு. மார்லா கிட்டப் போகமாட்டேன், கோச் கிட்டப் போகமாட்டேன், யார் கிட்டயும் போகமாட்டேன். சத்தியமா. இப்ப வாயாலயே சொல்றேன் பாரு."

டேவியன் அவரை இரக்கத்தோடு பார்த்தான். இருபது வயதுப் பையனுக்கு அப்படிப் பார்க்கத் தெரியும் என்று வெண்டல் நினைத்திருக்கவில்லை.

"சொல்லமாட்டேன்னு அவனுக்கு வாக்குக் குடுத்திருக்கேன், பிரதர்."

ஷெரீஸ் பெட்டியோடு வந்துவிட்டாள். இன்னொருமுறை கட்டிக்கொண்டாள். கார் கிளம்பியபோது வெண்டல் அதன் பக்கத்திலேயே கொஞ்சதூரம் நடந்தார். டேவியன் கழுத்தைத் திருப்ப முடியாதவன். நேராகப் பார்த்தபடியே போனான்.

மைதானத்தில் மாலைப் பயிற்சி தொடங்கியிருந்தது. வெண்டல் ஏறக்குறைய ஓடிப்போய்க் கம்பிவேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பயம். எத்தனையோ காலத்துக்குப் பிறகு அவருக்குள் முழுசாக வந்த முதல் உணர்ச்சி அது. ஜெபிக்கலாம் என்று வாயைத் திறந்தார். நாக்கு தன் பாட்டுக்கு ஆரம்பித்ததும் மூடிக்கொண்டார். உள்ளே பெருங்கூட்டமாகப் பையன்கள், ஹெல்மெட்டும் கவசமுமாக, எவன் முகமும் தெரியாமல் ஒருவர்மேல் ஒருவர் மோதிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருத்தனுக்காகவும் அவர் ஜெபித்திருக்கிறார். அதில் அவன் எவன் என்று அவருக்குத் தெரியவில்லை.

தண்ணீர் குடிக்க ஒருவன் வேலிப்பக்கம் வந்தான். ஹெல்மெட்டைக் கழற்றினான்.

"கோல்பி" என்று வெண்டல் கூப்பிட்டார். "இங்க வாடா. எப்படி இருக்க? மனசுல ஏதாவது இருக்கா? எதுவா இருந்தாலும் எங்கிட்ட சொல்லு."

பையன் அவரை மேலும் கீழும் பார்த்தான். நன்றாக வளர்க்கப்பட்ட பையன். வாயைத் துடைத்துக்கொண்டு, "எல்லாம் நல்லா இருக்கு பிரதர்" என்று சிரித்துவிட்டு ஓடிப்போனான்.

அடுத்தவன் வந்தான். அவனையும் கேட்டார். அவனும் அதையே சொன்னான்.